பதினோராம் நாள்

வாளையாறு எடைமேடையில்
லாரி ஏறும்போது என் நாற்காலியும் கொஞ்சம் அதிரும்.
இரவுப் பணி. வெங்காயம், சிமெண்ட், கோழித்தீவனம்.
வண்டி எண்களைத் தட்டுவது என் வேலை.
போன ஆவணியில் ஒரு மூன்றை எட்டாக அடித்துவிட்டேன்.
அதிகப் பாரத்துக்கான அபராதம்
ஒட்டன்சத்திரத்தில் பல் வலியோடு படுத்திருந்த
யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தது.
போனில் அவர் திட்டியது முழுக்க நியாயம்.

அன்று எனக்குப் பதினோராம் நாள்.
மூன்றாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொள்ளும் கணக்கை
என் உடம்புக்கு யாரும் சொல்லித் தரவில்லை.
பையில் மாற்றுச் சுடிதார், செய்தித்தாள்.
நாற்காலியில் எப்போதும் ஒரு மெரூன் துண்டு.
கழிப்பறைக்குப் போகும் வழியில்
டீ குடிக்கும் ஓட்டுநர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்,
மறுபடியுமா என்று.

வீட்டில் இதற்கு ஒரு தீர்ப்பு நெடுநாளாக இருந்தது:
"அவ ஆத்தா வழி. சூட்டு உடம்பு."
அம்மா மாராத்தாள் மறுத்ததில்லை.
வெந்தயம் ஊறவைத்தாள், வாழைப்பூ ஆய்ந்தாள்.

பாலக்காட்டில் டாக்டர் ரெஜிமோள்
ஒரு பெயர் சொன்னார்: வான் வில்லிபிராண்ட்.
பெயரிலேயே வில்லி இருக்கிறாளே என்றேன்.
பிடிபடச் சற்று நேரமானது அவருக்கு.
சிரித்துவிட்டு மருந்துச்சீட்டின் பின்னால் வரைந்தார்.

மாதாமாதம் கருப்பை
தன் உள்சுவரை மெத்தென்று பூசிக்கொள்கிறது.
முட்டை தனியாக வந்து தனியாகவே கரைந்தால்
ஹார்மோன் இறங்குகிறது, பூச்சு உரிகிறது,
சிறு குழாய்கள் வாய் திறக்கின்றன.
அடைக்கத் தட்டணுக்கள் ஓடி வரும்.
எனக்கும் வருகின்றன.
"ஒட்டிக்கப் பசை வேணுமல்லோ,
அது உங்களுக்குக் கொறவு, கேட்டோ."

பன்னிரண்டாம் குரோமோசோமில்
பசைக்கான வாசகம் இருக்கிறதாம்.
அம்மா தந்த பிரதி ஒன்று, அப்பா தந்தது ஒன்று.
ஏதோ ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
யார் கை?
யார் கையும் இல்லை.
ஒரு செல் இரண்டாகும்போது
முந்நூறு கோடி எழுத்தைப் பார்த்து எழுதுகிறது,
திருத்தியும் பார்க்கிறது,
அப்படியும் ஒன்று தப்பும்.
நான் நாலு இலக்கத்தில் தப்பியவள்.
எனக்கு அந்தச் செல்மேல் கோபம் வரவில்லை.

பெற்றவர்கள் இருவரும் ரத்தம் கொடுக்க வேண்டும்.
அம்மா அன்றைக்கே கிளம்பினாள்,
குற்றத்தை ஒப்புக்கொண்டவள்
தண்டனை கேட்கப் போவதுபோல.
அப்பா வேலப்பன் மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டார்.
சவரத்தில் கீறினால் மத்தியானம்வரை
பஞ்சு ஒட்டியிருக்கும் அவர் தாடையில்.
பல் பிடுங்கிய இரவு
தலையணை உறை இரண்டுமுறை மாற்றினோம்.
அதை யாரும் சூடு என்று சொன்னதில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை.
அப்பாவின் தாளில்
என் தாளில் இருந்த அதே வரி.

கஞ்சிக்கோடு தாண்டும்வரை பஸ்ஸில் பேச்சில்லை.
பிறகு அப்பா ஜன்னலிடம் சொன்னார்:
"பழனாத்தா அப்படித்தாம் போனா."
அவர் தங்கை.
கொழிஞ்சாம்பாறையில் தலைப்பிரசவம்,
பிள்ளை நல்லபடி பிறந்து, ரத்தம் நிற்கவில்லை.
பாயையும் சேர்த்து எரித்தார்களாம்.
பேயடி என்றார்களாம்.
"நானுந்தான் நம்பினேன்."

அம்மா டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள்.
சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டி.
வாளையாற்றில் இறங்கும்போது மட்டும்
"அப்ப அது என்ற சூடில்ல" என்றாள்.
யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.
அப்பா அவளுடைய பையை வாங்கிக்கொண்டார்.
அதில் பாரம் ஒன்றும் கிடையாது.

இப்போது மாத்திரை. இந்த மாதம் ஆறே நாள்.
தம்பிக்கு இல்லை, சோதித்துவிட்டோம்.
எனக்கொரு பிள்ளை வந்தால் பாதிக்குப் பாதி.
சுண்டிவிட்ட காசு இன்னும் காற்றில்.

மேசையில் பிழைதிருத்தப் படிவம் ஒரு கட்டு இருக்கிறது.
ஒட்டன்சத்திரக்காரருக்கு ஒன்று நிரப்பி அனுப்பினேன்.
மூன்று மணி. கோழித்தீவனம் ஏறுகிறது.
நாற்காலி அதிர்கிறது.
மெரூன் துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்,
எடுத்துவரவில்லை.
எண்ணை வாய்விட்டு ஒருமுறை சொல்கிறேன்,
இன்னொருமுறை.